புதுநன்மைக்கு முன்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

பிள்ளைகள் முதன்முறையாக நற்கருணை வாங்குவதைத்தான் புதுநன்மை என்கிறோம். அதற்கு வகுப்பு எடுக்கும் என்னிடம் பெற்றோர் அதிகம் கேட்பது, "டீச்சர், பிள்ளைக்குச் செபமெல்லாம் பாடமாயிடுச்சா?" என்றுதான். பாடமாகட்டும், நல்லதுதான். ஆனால் கத்தோலிக்கத் திருச்சபை அந்தப் பிள்ளையிடம் முதலில் எதிர்பார்ப்பது வேறு.

ஒரு காலத்தில் பத்து, பன்னிரண்டு வயதுவரை பிள்ளைகளைக் காக்க வைத்தார்கள். 1910-இல் திருத்தந்தை புனித பத்தாம் பயஸ் அதை மாற்றினார். ஏறக்குறைய 7 வயதில், விவரம் தெரிந்ததும் நற்கருணை கொடுக்கலாம் என்றார். என்ன விவரம்? வீட்டில் சாப்பிடும் அப்பம் வேறு, நற்கருணை அப்பம் வேறு என்று தெரிந்தால் போதும். கண்ணுக்கும் நாக்குக்கும் கோதுமை அப்பம்தான். ஆனால் பலிபீடத்தில் குருவானவர், இயேசு சொன்ன வார்த்தைகளைச் சொன்ன பிறகு அங்கே இருப்பவர் இயேசுவே.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல, பேராயர் வான் துவானின் கதையைத்தான் எடுப்பேன். 1975-இல் வியட்நாமில் கைதாகி 13 ஆண்டுகள் அடைபட்டிருந்தார். அதில் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை. வயிற்றுவலி மருந்து என்று எழுதிய சின்னப் புட்டியில் அவருக்குத் திராட்சை இரசம் வந்து சேர்ந்தது. உள்ளங்கையில் மூன்று சொட்டு இரசம், ஒரு சொட்டுத் தண்ணீர். அதுவே அவருடைய திருப்பலி, அதாவது பூசை. பாட்டில்லை, மெழுகுவர்த்தியில்லை. கதை முடிந்ததும் பிள்ளைகள் தங்கள் உள்ளங்கையை விரித்துப் பார்ப்பார்கள்.

சரி, நாம் எப்படித் தயாராவது? என் பாட்டி காலத்தில் நள்ளிரவுக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். 1964 முதல், நன்மை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேர உபவாசம் போதும். தண்ணீரும் மருந்தும் தடையில்லை. அந்த ஒரு மணி நேரத்தையும் பலர் மறந்துபோனதில் எனக்கு வருத்தம் உண்டு. வயிறு லேசாகப் பசிக்கும்போது, யாரோ வரப்போகிறார் என்று பிள்ளையின் உடம்புக்கே தெரியும்.

சாவான பாவம், அதாவது கனமான பாவம் இருந்தால், குருவிடம் பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருட்சாதனத்தைப் பெற்ற பிறகே நன்மை வாங்க வேண்டும். அப்புறம், வீட்டுச் சண்டை. அண்ணனும் தங்கையும் பேசாமல் இருந்தால் சனிக்கிழமையே பேசிவிடட்டும். காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு, போய்ச் சமாதானமாகி வரச் சொன்னவர் இயேசுதானே.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். நன்மை வாங்கித் திரும்பும் பிள்ளையை உடனே போட்டோவுக்கு இழுக்காதீர்கள். ஐந்து நிமிடம் கண்ணை மூடி இயேசுவோடு பேசட்டும். போட்டோக்காரர் காத்திருப்பார்.

நன்றி, வணக்கம்.