பக்கத்து வீட்டு அக்கா பொய் சொல்கிறாரா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர் நம் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பெண்மணி. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாமலிருக்க ஓரிரு விவரங்களை மாற்றி வாசிக்கிறேன்.

"ஐயா, நான் கூட்டு நடத்துகிறேன். என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர், மாதம் 200 ரிங்கிட். பக்கத்து வீட்டு அக்காவும் நானும் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். தோட்டம் கைமாறிய பிறகு ஒரே தாமானில் வீடு வாங்கினோம். அவர் மூன்றாவது மாதமே கூட்டு எடுத்துவிட்டார். ஆறாவது மாதமும் ஏழாவது மாதமும் பணம் கட்டவில்லை. கணவருக்கு டயாலிசிஸ், கையில் காசில்லை என்கிறார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. போன வாரம் அவரை நகைக்கடைப் பையுடன் பார்த்ததாக ஒருவர் சொன்னார். இரண்டு மாதமும் என் கைக்காசைப் போட்டு யாருக்கும் தெரியாமல் சமாளித்துவிட்டேன். அவர் பொய் சொல்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் நிகழ்ச்சிக்கு வரும் வல்லுநர்கள் என்ன சொல்கிறார்கள்?"

தமிழ்நாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: நீங்கள் சீட்டு என்பதைத்தான் நாங்கள் கூட்டு என்கிறோம். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், தாமான் என்பது குடியிருப்புப் பகுதி.

சகோதரி, முதலில் அவருடைய முகத்தை விட்டுவிடுங்கள். எனக்கு எதிரே உள்ள இந்த நாற்காலியில் உளவியலாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், குடும்ப ஆலோசகர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஓய்வு பெற்ற காவல்துறையினரும் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரிடமும் நீங்கள் கேட்ட இதே கேள்வியை நான் கேட்டிருக்கிறேன். முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. 2006இல் சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதுவரை நடந்த சோதனைகளைத் திரட்டிக் கணக்குப் பார்த்தார்கள். மொத்தம் 24,483 பேரின் தீர்ப்புகள். எது பொய், எது உண்மை என்று அவர்கள் சரியாகச் சொன்னது 54 விழுக்காடு. பூவா தலையா போட்டுப் பார்த்தாலே 50 வந்துவிடும். பொய்யை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் பாதிக்கு மேல் தப்பித்துப் போனது.

அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு 75 நாடுகளில் நடந்தது. பொய் சொல்பவரை எப்படிக் கண்டுகொள்வீர்கள் என்று கேட்டதற்கு மக்கள் அதிகமாகச் சொன்ன பதில், 'கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார்' என்பது. உலகமே அப்படி நம்புகிறது. சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் அந்த அடையாளம் நிற்கவில்லை.

நம்மவர்களிடம் அது இன்னும் மோசமாக ஏமாற்றும். நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் என் அப்பா, தோட்டத்துக் கணக்கரான கிராணியின் முன்னால் நிற்பது இன்றும் கண்ணில் இருக்கிறது. விரல் இடுக்குகளில் பால் காய்ந்து கறுத்திருக்கும். பார்வை வாளியின் விளிம்பைத் தாண்டி மேலே ஏறாது. துரை வந்தாலும் கங்காணி வந்தாலும் குனிந்து நிற்பதுதான் மரியாதை என்று பழக்கிவைக்கப்பட்ட தலைமுறை அது. ஒரு நாள், "பாலில் தண்ணீர் கலந்திருக்கிறாய்" என்று கிராணி சத்தம் போட்டார். அப்பா வாயைத் திறக்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கிராணி மெட்ரோலாக்கைப் பாலில் விட்டார். பாலில் ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மிதவைக் கருவி அது. தண்ணீர் இருந்தது உண்மைதான். விடியற்காலைத் தூறலில், மரத்தில் பால் பிடிக்கும் மங்குகளில் இறங்கிய தண்ணீர். அடுத்தடுத்து வந்த வாளிகளிலும் கருவி அதையேதான் காட்டியது. ஆனால் அந்த வாளிகள் வந்து சேரும் வரை, அத்தனை பேர் முன்னிலையிலும் என் அப்பா திருடராக நின்றார். அவர் முகத்தை அன்று யார் பார்த்திருந்தாலும் திருடர் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அந்த நகைக்கடைப் பையும் அப்படிப்பட்ட தண்ணீர்தான். இருந்தது என்பது தெரிகிறது, எப்படி வந்தது என்பது தெரியவில்லை. கழுத்தில் கிடந்ததை விற்கப் போயிருக்கலாம். அறுந்த சங்கிலியைப் பற்றவைக்கப் போயிருக்கலாம். பையில் வேறு ஏதோ சாமான் இருந்திருக்கலாம். புதிதாக நகை வாங்கியும் இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை.

சரி, முகம் உதவாது என்றால் எது உதவும்? சுவீடனில் மரியா ஹார்ட்விக் குழுவினர் காவல்துறையில் பயிற்சி பெற்றுவந்த மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கையிலுள்ள சான்றை எடுத்த எடுப்பிலேயே காட்டாமல், எதிராளியை முதலில் முழுமையாகப் பேசவிட்டு, அவர் சொன்னதையும் சான்றையும் ஒப்பிடும் முறையில் ஒரு பகுதியினருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் 85 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள், பெறாதவர்கள் 56. இதில் உங்களுக்கு வேண்டியது ஒன்றுதான். "உங்களை நகைக்கடையில் பார்த்தார்களாமே" என்று வாசற்படியிலேயே ஆரம்பிக்காதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். டயாலிசிஸ் பொதுவாக வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். யார் கூட்டிக்கொண்டு போகிறார்கள், சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு மனு போட்டாயிற்றா, எந்தச் செலவு கையைக் கடிக்கிறது என்று கேளுங்கள். அந்தக் கஷ்டத்தில் வாழ்கிறவரிடம் அட்டை இருக்கும், தேதி இருக்கும், ரசீது இருக்கும். கேட்காமலேயே எடுத்துக் காட்டுவார். மனு போடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தால், அதை நிரப்பிக் கொடுப்பதும் நீங்கள் செய்ய வேண்டியதுதான். நீங்கள் போவது பக்கத்து வீட்டுக்கு, விசாரணை அறைக்குப் போகவில்லை.

ஆனால் சகோதரி, உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்த பிறகு எனக்கு வேறொன்று உறுத்துகிறது. அவர் பொய் சொல்கிறாரா என்பது ஒரு கேள்வி. கூட்டுப் பணத்துக்கு என்ன வழி என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு விடை கிடைத்தால்தான் இரண்டாவதைத் தொடுவேன் என்று காத்திருக்கிறீர்கள். அவர் உத்தமி என்று தெரிந்தாலும் எட்டாவது மாதம் 200 ரிங்கிட் குறையும். மோசக்காரி என்று தெரிந்தாலும் அதே 200 ரிங்கிட்தான் குறையும். இதுவரை 400 போட்டுவிட்டீர்கள். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, ஆயிரம் ரிங்கிட். கூட்டு எடுக்காத ஐந்து பேர் வரிசையில் காத்திருக்கிறார்கள்.

"யாருக்கும் தெரியாமல் சமாளித்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற பத்துப் பேரும் கூட்டு ஒழுங்காக நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கணவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. அவருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். உங்கள்மேல் குற்றம் சுமத்த இதைச் சொல்லவில்லை. நான் முன்பு சொன்ன டிபாலோ 1996இல் வெளியிட்ட ஆய்வில், மக்களிடம் நோட்டுப் புத்தகம் கொடுத்து ஒரு வாரம் தாங்கள் சொன்ன பொய்களை எழுதிவரச் சொன்னார். கல்லூரிக்கு வெளியிலிருந்து வந்த பொதுமக்கள் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு பொய், மாணவர்கள் இரண்டு. அவற்றை அவர்கள் பெரிய விஷயமாக நினைக்கவில்லை. நீங்களும் இதைச் சமாளிப்பு என்று எழுதினீர்கள், பொய் என்று எழுதவில்லை. அடுத்த மாதம் சரிசெய்துவிடலாம், அதற்குள் யாருக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்று நினைத்திருப்பீர்கள். அந்த அக்கா சொல்வது பொய்யாகவே இருந்தாலும் அதுவும் ஏறக்குறைய இப்படித்தான் பிறந்திருக்கும். உங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது ஒரே வெட்கம். அதனால்தான் இந்தப் பேச்சு இரண்டு மாதமாக நடக்கவில்லை.

சட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கூட்டு நடத்துவதை ஒரு தொழிலாகச் செய்வதை 1971ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. கோபத்தில் நோட்டைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் போவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். இந்தச் சுற்றோடு கூட்டை நிறுத்திவிடுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

கணக்கெல்லாம் அந்தச் சிறிய 555 நோட்டில்தான் எழுதி வைத்திருப்பீர்கள். அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போங்கள். அவருடைய பக்கத்தைத் திறந்து இருவருக்கும் நடுவில் வையுங்கள். "அக்கா, இந்த இரண்டு மாதமும் நான் போட்டேன், இனி என்னால் முடியாது. மற்றவர்களிடம் ஒரு பங்கு தாமதமாகிறது என்று சொல்லப்போகிறேன். உங்கள் வீட்டு நோயைப் பற்றி என் வாயிலிருந்து ஒரு சொல் வராது" என்று சொல்லுங்கள். அவர் அழலாம், கோபப்படலாம், தரையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நோட்டை மூடாதீர்கள். மாதம் 50 ரிங்கிட் என்றாலும் சரி, 30 என்றாலும் சரி, எந்தத் தேதியில் எவ்வளவு என்று அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். இதெல்லாம் நாளைக்கு. இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் அந்த 400 ரிங்கிட்டைப் பற்றி உங்கள் கணவரிடம் சொல்லிவிடுங்கள்.