ஏரிக்கு எத்தனை பேர் வரலாம்?

(இராயபுரத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

2020 மே மாதத்தை நம்மால் மறக்க முடியாது. சென்னையின் 15 மண்டலங்களில் தொற்று அதிகம் இருந்தது நம் இராயபுரத்தில்தான். அப்போது மாமாவின் காரியத்துக்காக இ-பாஸ் வாங்கிக்கொண்டு ஒரு கிராமத்துக்குப் போனேன். ஊர் முனையில் மூங்கில் கட்டி மறித்திருந்தார்கள். "இராயபுரமா? தயவுசெய்து திரும்பிப் போயிடுங்கண்ணே" என்றார் ஒரு பையன். அன்று அழுதுகொண்டே திரும்பினேன். இன்று அவன் மேல் கோபமில்லை. யார் உள்ளே வரலாம் என்பதை ஓர் ஊரே முடிவு செய்ததை முதன்முதலாக அங்கேதான் பார்த்தேன்.

அப்புறம் ஊரடங்கு தளர்ந்தது. விமானம் ஏறவும் தயக்கம், பஸ்ஸில் ஏறவும் பயம். பைக்கையோ காரையோ எடுத்து, பக்கத்தில் ஒரு கிராமத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பும் பழக்கம் வந்தது. நமக்கு அது பழவேற்காடு, ஏரிக்கும் கடலுக்கும் பக்கத்தில் இருக்கும் மீனவர் ஊர். மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் போனால் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். டச்சுக் கல்லறையில் ஒரு படம், கடற்கரையில் ஒரு குளியல், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன பிரியாணி. சாயங்காலம் மணலில் நாம் விட்டுவிட்டு வருவது தண்ணீர் பாட்டில்தான்.

அந்த ஊருக்கு இதில் என்ன கிடைக்கிறது? முன்பு படகுச் சவாரியில் கொஞ்சம் காசு வந்தது. 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த பிறகு சவாரிக்குத் தடை வந்தது. அந்தத் தடை சரிதான். ஆனால் பனையோலைக் கூடை பின்னும் பெண்களும், பறி என்னும் மீன்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்களும் அங்கேதான் இருக்கிறார்கள். நாம் அவர்களிடம் நின்று ஒரு பொருள் வாங்குவதில்லை.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கூட்டம் தாங்காமல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் திரும்பி வந்தது. கொரோனா காலத்துச் சீட்டு இப்போது மலையைக் காக்க உதவுகிறது. நல்லது. ஆனால் அது வண்டியை எண்ணும், அவ்வளவுதான். அந்த வண்டியால் ஊருக்கு என்ன கிடைத்தது என்று அது பார்க்காது.

பழவேற்காட்டு மீனவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. அங்கே 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறைவைத்துக்கொள்வார்கள். ஏரி தாங்கும் அளவு அவர்களுக்குத் தெரியும். இந்தப் 'பாடு' உரிமை எல்லாச் சமூகத்தாருக்கும் இல்லை, அதனால் சண்டைகளும் நடந்திருக்கின்றன. அதை மறைத்துப் பேசமாட்டேன். அதனால்தான் சொல்கிறேன்: ஞாயிற்றுக்கிழமை எத்தனை வண்டி வரலாம், எங்கே நிறுத்தலாம், என்ன கட்டணம் என்பதை மீனவர், இருளர், கூடை பின்னும் பெண்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்யட்டும். அதற்கான அதிகாரத்தை அரசு அவர்களுக்குத் தர வேண்டும்.

சரி, பூநாரைகள் வரும் காலம் வந்தால் நாமும் போகத்தான் போகிறோம். இந்த முறை பிரியாணி கட்ட வேண்டாம். அங்கே தெரிந்த அக்கா ஒருவர், முன்கூட்டியே சொன்னால் நண்டுக் குழம்பு வைத்துத் தருவார். "எத்தனை பேர் வரட்டும்கா?" என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் வேன் பேசப்போகிறேன்.