சீக்கிரம் வீசினால் இடப்பக்கம், தாமதித்தால் வலப்பக்கம்

வணக்கம் நேயர்களே.

கையில் ஒரு ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு, டிவிக்கு முன்னால் நின்று, காற்றில் கையை வீசி டென்னிஸ் ஆடுகிற வீடியோ கேமைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நிண்டெண்டோ நிறுவனத்தின் வீ ஸ்போர்ட்ஸ். 2006 நவம்பரில் அமெரிக்காவிலும், அடுத்த மாதம் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் வெளிவந்தது. பல நாடுகளில் வீ என்ற, டிவியோடு இணைத்து ஆடுகிற கேம் பெட்டியை வாங்கினால் இந்த டிஸ்க்கும் கூடவே வந்தது. அப்படி 8 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் வீடுகளுக்குள் போயிருக்கின்றன. டென்னிஸ், பேஸ்பால், பௌலிங், கோல்ஃப், பாக்சிங் என்று ஐந்து ஆட்டங்கள் அதில் உண்டு. இன்றைக்கு டென்னிஸ் மட்டும்.

இந்த ஆட்டத்தை ஒருமுறையாவது ஆடிப் பார்த்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "சும்மா கையை ஆட்டினால் போதும், பந்து எங்கேயாவது போகும், ஜெயித்தால் அதிர்ஷ்டம்." இந்தப் பேச்சை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. பந்து எங்கேயாவது போவதில்லை. அது எங்கே போகும் என்பதற்குத் தெளிவான ஒரு விதி இருக்கிறது. அந்த விதியைச் சொல்லத்தான் இந்த நேரத்தைக் கேட்டு வாங்கினேன்.

விதி இதுதான். வலக்கைக்காரர் ஒருவர் ஆடுகிறார், பந்து அவருடைய வலப்பக்கம் வருகிறது, ஃபோர்ஹேண்ட் அடிக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் வீசினால் பந்து இடப்பக்கம் போகும். தாமதமாக வீசினால் வலப்பக்கம் போகும். சரியாக நடுவே வீசினால் நேராகப் போகும். அவ்வளவுதான். எந்தத் திசையைப் பார்த்துக் கையை நீட்டுகிறீர்கள் என்பதற்கு இதில் வேலையே கிடையாது. பந்து இடப்பக்கம் வந்து பேக்ஹேண்ட் அடிக்கிறார் என்றால் அப்படியே தலைகீழ்: சீக்கிரம் வீசினால் வலம், தாமதித்தால் இடம். இடக்கைக்காரர்கள் எல்லாவற்றையும் மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன்பே எந்தக் கை என்று திரையில் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். நண்பர் வலக்கையில் ஆடி வைத்த திரை ஆளோடு இடக்கைக்காரர் இறங்கினால் எல்லாமே குழம்பிப் போகும்.

ஏன் இப்படி? நிஜ டென்னிஸிலும் இதே கதைதான். மட்டை முன்னால் வந்து பந்தைச் சந்தித்தால் பந்து குறுக்கே இழுபடும். பின்தங்கிச் சந்தித்தால் மறுபக்கம் விலகிப் போகும். ஆட்டத்தை உருவாக்கியவர்கள் இந்த ஒரு உண்மையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிட்டார்கள். ஓடுவதை விட்டுவிட்டார்கள்; திரையில் இருக்கிற ஆள் தானே ஓடிப் பந்திடம் போய் நிற்பார். உங்களுக்கு மிஞ்சுவது ஒன்றே ஒன்று, எப்போது வீசுவது என்பது. ஆகவே அதில் மிகத் துல்லியமாக இருக்க வேண்டியிருக்கிறது. அளவுக்கு மீறிச் சீக்கிரம் வீசினால் பந்து பக்கக் கோட்டைத் தாண்டி அவுட். அளவுக்கு மீறித் தாமதித்தாலும் அவுட், அல்லது மட்டையில் படவே படாது.

அடுத்து, ஓங்கி அடிக்கிற பழக்கம். இதை விளக்க அந்த ரிமோட்டுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். உள்ளே ஒரு சின்னச் சிப் இருக்கிறது. முடுக்கமானி என்பார்கள். கை எவ்வளவு வேகமாக வேகமெடுக்கிறது என்பதை மூன்று திசைகளில் அளக்கும். கை அறையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவருக்கு டிரைவர் பிரேக் போட்டதும் தெரியும், வண்டி கிளம்பியதும் தெரியும்; எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று மட்டும் தெரியாது. ரிமோட்டின் நிலைமை அதுதான். அந்தச் சிப்பின் வரம்பு புவியீர்ப்பைப் போலச் சுமார் 3 மடங்கு. அதற்கு மேல் நீங்கள் எவ்வளவு பலத்தைக் கொட்டினாலும் பெட்டிக்குப் போய்ச் சேருவது அதே எண்தான். மணிக்கட்டால் சுருக்கென்று ஒரு வெட்டு வெட்டினாலே அந்த அளவை எட்டிவிடலாம். தோளிலிருந்து சுழற்றி அடிப்பதால் கூடுதலாகக் கிடைப்பது தோள்வலிதான். தோள்வலி என்று சும்மா சொல்லவில்லை, அதற்கு மருத்துவ இதழிலேயே சாட்சி இருக்கிறது, பிறகு வருகிறேன்.

பெரிய வீச்சில் இன்னொரு தொல்லையும் உண்டு. நிஜ ஆட்டத்தில் மட்டையைப் பின்னுக்குக் கொண்டுபோய்த்தான் முன்னால் வீசுவோம். இங்கே கையைப் பின்னுக்கு வெடுக்கென்று இழுத்தால், அந்த இழுப்பையே ரிமோட் வீச்சு என்று எடுத்துக்கொள்ளும். திரையில் இருப்பவர் பந்து வருவதற்கு முன்பே மட்டையைச் சுழற்றிவிடுவார். "நான் அடிக்கவே இல்லை, அதுவாக அடித்துவிட்டது" என்று எத்தனை வீடுகளில் சண்டை! அதுவாக அடிக்கவில்லை. கை பின்னால் போன வேகத்தை அது வீச்சாகப் படித்தது. ஆகவே கையைப் பின்னுக்குக் கொண்டுபோவது மெதுவாக இருக்கட்டும். பந்து எதிராளியின் மட்டையை விட்டுக் கிளம்பியதுமே மெள்ளப் பின்னுக்குக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்தி வையுங்கள். பிறகு நேரம் பார்த்து ஒரு குறுகிய வீச்சு. பின்னால் மெதுவாக, முன்னால் சுருக்கென்று. இதை மட்டும் மாற்றினாலே பாதித் தவறுகள் போய்விடும்.

தனியாக ஆடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த டென்னிஸ் எப்போதுமே டபுள்ஸ்தான். ஒருவர் மட்டும் ஆடினால் நெட் அருகில் ஒருவர், பின்கோட்டில் ஒருவர் என்று இரண்டு பேரும் உங்கள் ஒரே கைக்குக் கட்டுப்பட்டவர்கள். நீங்கள் வீசினால் இருவரும் சேர்ந்து வீசுவார்கள். இது பலருக்குத் தெரிவதில்லை. முன்னால் நிற்பவருக்காக வீசினீர்கள், பட்டுவிட்டால் நல்லது. படாமல் தாண்டிப் போனால் ஆட்டம் முடிந்துவிட்டது என்று கையைத் தொங்கவிட வேண்டாம். பந்து பின்னாலிருப்பவரிடம் போய்ச் சேர இன்னும் ஒரு கணம் இருக்கிறது. கையைத் திரும்பக் கொண்டுவந்து இரண்டாவது முறை வீசுங்கள். நெட்டில் நிற்பவருக்குப் பந்து சீக்கிரம் வந்துவிடும், பின்கோட்டுக்காரருக்குத் தாமதமாக வரும். ஒரே பந்துக்கு இரண்டு தாளம். இந்த இரண்டையும் கை தனித்தனியாகப் பழகிக்கொள்ள வேண்டும்.

பழகுவதற்கு உள்ளேயே ஒரு பயிற்சிப் பகுதி இருக்கிறது. அதில் ஒன்றில் எதிர்ப்பக்கம் ஒரு குறுகிய பகுதி அடையாளமிட்டிருக்கும். பந்து அதன் வழியாகவே போக வேண்டும், அந்தப் பகுதியோ இடம் மாறிக்கொண்டே இருக்கும். இப்போது சொன்ன விதியை மனத்தில் வைத்துக்கொண்டு அதை ஆடிப் பாருங்கள். இடம் வேண்டுமா, சீக்கிரம். வலம் வேண்டுமா, தாமதம். ஆடி ஜெயிக்க ஜெயிக்க ஏறுகிற திறமைப் புள்ளி 1000-ஐ எட்டினால் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் 'புரோ' என்று வரும். அதையும் தாண்டி ஏறினால் எலிசா, சாரா என்று ஒரு ஜோடி எதிரே வந்து நிற்கும். கணினி ஆட்டக்காரர்களில் மிகக் கடினமானவர்கள் அவர்கள்தான். அவர்களிடம் கையை ஆட்டி ஜெயிக்க முடியாது.

சர்வ், அதாவது ஆட்டத்தைத் தொடங்கிவைக்கிற முதல் அடி பற்றி. ரிமோட்டை மேலே தூக்கினால் பந்து எழும்பும், அல்லது ஏ பொத்தானை அழுத்தினாலும் எழும்பும். நான் பொத்தானைத்தான் சொல்வேன். தூக்கிய கையே பதறிப் போய் வீசிவிடுகிற ஆபத்து அதில் இல்லை. பந்து மேலே போய், இறங்கத் தொடங்கும் முன் உச்சியில் ஒரு கணம் நிற்கிற மாதிரி தெரியும். அந்தக் கணத்தில் வீசினால் பந்து அம்பாகப் போகும். கொஞ்சம் முந்தினாலோ பிந்தினாலோ சாதாரண சர்வ்தான். அந்த அம்பு சர்வை எதிர்கொள்கிறவர் வழக்கத்தைவிட முன்கூட்டியே வீச வேண்டும். திரையில் பந்து பெரிதாகத் தெரிகிறவரை காத்திருந்தால் போயிற்று.

இவ்வளவும் சரியாகச் செய்தும் பந்து தப்புகிறது, எப்போதும் வலப்பக்கமாகவே போகிறது என்றால் டிவியைச் சந்தேகப்படுங்கள். வீ வெளிவந்த காலத்தில் பல வீடுகளில் குண்டு டிவி இருந்தது. அதில் படம் வந்தவுடன் தெரிந்துவிடும். இப்போதைய தட்டை டிவி படத்தை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றித்தான் காட்டுகிறது. அதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறது. ஒரு நொடிக்கு 60 படம் ஓடுகிற ஆட்டத்தில், டிவி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தினால் நீங்கள் 6 படம் பழைய பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பார்த்து வீசுகிற எல்லா வீச்சும் தாமதமாகிவிடும். தாமதம் என்றால் எந்தப் பக்கம்? ஃபோர்ஹேண்டில் வலப்பக்கம். சொன்னேன் அல்லவா.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பந்து மட்டையில் படும்போது வருகிற 'டப்' சத்தம் டிவியில் மட்டும் இல்லாமல் ரிமோட்டுக்குள் இருக்கிற குட்டி ஸ்பீக்கரிலும் வரும். கையில் சத்தம் கேட்டு, அதற்குப் பிறகு திரையில் பந்து மட்டையில் படுவது தெரிந்தால், டிவி பிந்துகிறது. டிவியின் படத் தேர்வுகளில் 'கேம் மோடு' என்று இருக்கும். அதைப் போட்டுவிடுங்கள். நிறம் கொஞ்சம் மங்கும், பரவாயில்லை.

இனி அந்த மருத்துவ இதழ். நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் உலகத்து மருத்துவர்கள் வாசிக்கிற இதழ். அதில் 2007-இல் ஒரு கடிதம் வெளியானது. 29 வயது இளம் மருத்துவர், ஆரோக்கியமானவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வலது தோளில் கடும் வலியோடு எழுந்திருக்கிறார். அடிபடவில்லை, எதையும் தூக்கவில்லை. முந்தைய நாள் புதிதாக வாங்கிய வீயில் பல மணி நேரம் டென்னிஸ் ஆடியிருக்கிறார். தோள்பட்டைக்குப் பின்னால் இருக்கிற ஒரே ஒரு தசையின் நாண் வீங்கியிருந்தது. மருந்து ஒரு வாரம் ஐபுபுரோஃபென் என்ற வலி மாத்திரை, கூடவே ஆட்டத்துக்கு முழு விடுமுறை. குணமாகிவிட்டது. அந்தக் கடிதத்தில் சொல்லப்பட்ட காரணம் மிக முக்கியம். மைதானத்தில் ஆடினால் கால் சோர்ந்துவிடும், மூச்சு வாங்கும், உடம்பே நிறுத்தச் சொல்லும். வீட்டில் கால் சோர்வதில்லை. ஆகவே கை தாங்குகிற அளவைத் தாண்டி ஆடிக்கொண்டே போகலாம். அரைமணி நேரத்துக்கு ஒருமுறை ரிமோட்டைக் கீழே வையுங்கள். குறுகிய வீச்சு என்று நான் விடாமல் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடற்பயிற்சி ஆகுமா என்று கேட்பவர்களுக்கு: அதே 2007-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 13 முதல் 15 வயதுப் பிள்ளைகள் 11 பேரை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. உட்கார்ந்து ஆடுகிற வீடியோ கேமைவிட வீ டென்னிஸில் ஏறக்குறைய 60 சதவீதம் கூடுதலாகச் சக்தி செலவாகியிருக்கிறது. நிஜ மைதானத்து ஆட்டத்துக்கு அது ஈடாகாது என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

அறையைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், கடிகாரம் இடம் தரவில்லை. சுருக்கமாக. டிவியிலிருந்து ஆறேழு அடி தள்ளி நில்லுங்கள். கையை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள், யாரும் எதுவும் தட்டக் கூடாது. இரண்டு பேர் ஆடினால் இரண்டு கை நீளம் இடைவெளி. தாழ்ந்த கூரை என்றால் சர்வ் போடுகிற கை ஃபேனில் படும். ஃபேனை நிறுத்திவிடுங்கள், சின்னப் பிள்ளைகளைப் பின்னால் நிற்க விடாதீர்கள். மணிக்கட்டு வாரை மாட்டி, அதில் இருக்கிற பூட்டைக் கைப்பக்கம் தள்ளி இறுக்குங்கள். முதலில் வந்த வாரின் கயிறு 0.6 மில்லிமீட்டர்தான்; அறுந்து ரிமோட்டுகள் பறந்ததால் 2006 டிசம்பரிலேயே 1 மில்லிமீட்டர் கயிறாக மாற்றிக் கொடுத்தார்கள். பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் அந்தக் கயிற்றைப் பாருங்கள். உள்ளங்கை வியர்த்தால் துடைத்துவிட்டு ஆடுங்கள்.

நிலையத்தார் கையைக் காட்டுகிறார்கள். இன்னும் இரண்டே விஷயம். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவந்த வீ என்றால், அதன் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டுமே. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரே செருகினால் அடாப்டர் போய்விடும். நம் மின்சாரத்துக்கு ஏற்ற அடாப்டரை வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்க்கும் அதே அமெரிக்க வகையாக இருக்க வேண்டும், ஐரோப்பிய டிஸ்க் அதில் ஓடாது.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு நிண்டெண்டோவின் ஸ்விட்ச் என்ற பிந்தைய பெட்டிக்காக 2022 ஏப்ரலில் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸ் இருக்கிறது. அதன் டென்னிஸிலும் ஆள் தானே ஓடுவார், வீசுவது மட்டும் உங்கள் வேலை. ஸ்விட்ச் பெட்டியின் கன்ட்ரோலரில் கை திரும்புவதை அளக்கும் கைரோஸ்கோப்பும் இருக்கிறது. அந்தப் பெட்டியின் அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். அங்கேயும் ஃபோர்ஹேண்டில் சீக்கிரம் என்றால் இடம், தாமதம் என்றால் வலம். வாரை மட்டும் மாட்டிவிட்டு ஆடுங்கள். வணக்கம்.