படத்துக்குக் கீழே உள்ள பொடி எழுத்து

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கேட்க வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

"கலை, ஆடை, வடிவமைப்பு வரலாறு பேசும் படநூல்களுக்கு உயிர் தருவது படமா, எழுத்தா?" இதுதான் தலைப்பு. நான் எழுத்தின் பக்கம். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "இந்தப் புத்தகங்களை யாரும் படிப்பதில்லை, புரட்டுகிறார்கள். படத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் தாள்தான்" என்றார். நல்ல கைதட்டலும் வாங்கினார். புரட்டுகிறார்கள் என்பது உண்மைதான், நானும் புரட்டித்தான் தொடங்குவேன். ஆனால் படத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. மோனா லிசா ஓவியம் 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம். பிக்காசோ 1937இல் வரைந்த குவெர்னிக்கா ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரம், ஏழே முக்கால் மீட்டர் அகலம். டாலி 1931இல் வரைந்த, கடிகாரங்கள் உருகி வழியும் அந்தப் புகழ்பெற்ற படம் வெறும் 24 செ.மீ. உயரம், 33 செ.மீ. அகலம். படநூலில் இந்த மூன்றும் அடுத்தடுத்த பக்கங்களில், கிட்டத்தட்ட ஒரே அகலத்தில் வந்து நிற்கும். எது சுவர் முழுக்க நிறைந்தது, எதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கலாம் என்பதைப் பற்றிப் படம் வாயே திறக்காது. கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: எண்ணெய் வண்ணம், துணி, இத்தனை செ.மீ., இந்த அருங்காட்சியகம். அந்த வரியைப் படித்துவிட்டு இரண்டு கையையும் விரித்துப் பாருங்கள். குவெர்னிக்காவின் அகலத்தை எட்ட அப்படி நான்கைந்து பேர் கைகோத்து நிற்க வேண்டும். எனக்கு அந்த ஓவியத்தின் கனம் புரிந்தது அந்த எண்களைப் படித்த அன்றைக்குத்தான்.

சரி, ஆடைக்கு வருகிறேன். "உடையைக் காட்டினால் போதாதா, அதற்கு எதற்கு வர்ணனை?" என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் கேட்டார். 1590இல் வெனிஸ் நகரில் செசாரே வெச்செல்லியோ என்ற ஓவியர் ஓர் ஆடை நூல் வெளியிட்டார். நானூறுக்கும் மேற்பட்ட மரச்செதுக்குப் படங்கள். பல நாட்டு மக்கள், பல தொழில் செய்பவர்கள், மணப்பெண், விதவை, வணிகர் என்று பக்கத்துக்குப் பக்கம் ஆட்கள் நிற்கிறார்கள். ஆனால் மரச்செதுக்கு அச்சில் எல்லாமே கறுப்புக் கோடு. பட்டும் கோடுதான், கம்பளியும் கோடுதான், சிவப்பும் கோடுதான். ஆகவே வெச்செல்லியோ படங்களோடு விளக்கம் எழுதினார்: என்ன துணி, என்ன நிறம், யார் உடுத்துவது, எப்போது உடுத்துவது. அந்த விளக்கத்தை நீக்கிவிட்டால் மிச்சம் இருப்பது உடையின் வெளிக்கோடு. நானூறு வருடம் கழித்து ஒரு நாடகத்துக்கோ சினிமாவுக்கோ அந்த உடையைத் தைக்க உட்காருபவர் எந்தத் துணியை வாங்குவார், எந்தச் சாயத்தைத் தேடுவார்? அவர் கை அந்த விளக்கத்தைத்தானே தேடிப் போகும்?

அப்புறம் எதிரணி தன் பெரிய ஆயுதத்தை எடுத்தது. ஓவன் ஜோன்ஸ் 1856இல் லண்டனில் வெளியிட்ட அலங்கார வடிவங்களின் நூல். நூறு வண்ணப் பக்கங்கள். கல்லில் வரைந்து தாளில் ஒற்றி எடுக்கும் கல்லச்சு முறை: ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தனிக் கல், ஒன்றின் மேல் ஒன்றாக அச்சு. கல் மயிரிழை விலகினாலும் பக்கம் பாழ். அந்த நூலின் மறுபதிப்பை நானும் பல நாள் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதன் அழகைக் குறைத்துப் பேச எனக்கு நாக்கு வராது.

ஆனால் நடுவர் அவர்களே, அந்த நூலின் தொடக்கத்தில் ஜோன்ஸ் வைத்தது 37 விதிகள். அத்தனையும் எழுத்து. ஏன் வைத்தார்? பழைய வடிவங்களை அப்படியே நகலெடுத்துத் திருப்திப்படும் பழக்கம் தன் காலத்தைப் பிடித்து ஆட்டுகிறது என்று அவர் வருந்தினார். இத்தனை வடிவங்களையும் ஒன்றாகப் பார்த்தாலாவது அந்தப் பழக்கம் நிற்காதா என்று முன்னுரையிலேயே ஆசைப்படுகிறார். வளைகோடு தண்டிலிருந்து எப்படிப் பிரிய வேண்டும், எந்த நிறத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்க வேண்டும் என்று அந்த விதிகள் கற்றுக்கொடுக்கின்றன. படத்தை மட்டும் பார்ப்பவர் பூவை நகலெடுப்பார். விதியைப் படித்தவர் தன் சொந்தப் பூவை வரைவார்.

வடிவமைப்பில் இது இன்னும் தெளிவு. மைக்கேல் தோனெட் 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலியை உங்களில் பலர் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஆவியில் வளைத்த மரம், வட்ட இருக்கை, முதுகுக்கு இரண்டு வளைவுகள். அவ்வளவுதான். இதற்கு ஏன் இரண்டு பக்கம் ஒதுக்கினார்கள் என்று தோன்றும். எழுத்தைப் படியுங்கள். ஆறு மரத் துண்டுகள், பத்து திருகாணிகள், இரண்டு நட்டுகள். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள். கப்பலேறி எங்கு வேண்டுமானாலும் போய், போன இடத்தில் பூட்டிக்கொள்ளலாம். அந்த நாற்காலியின் அச்சாணியே அந்தப் பெட்டிதான். நாற்காலியின் படத்தில் பெட்டி எங்கே தெரிகிறது?

"எழுத்து பழசாகிவிடும், படம் பழசாகாது" என்றும் ஒரு வாதம் வந்தது. லாவோக்கோன் சிற்பத்தை எடுத்துக்கொள்வோம். தந்தையையும் இரண்டு மகன்களையும் பாம்புகள் சுற்றி நெரிக்கும் சிலை. 1506இல் ரோமில் மண்ணிலிருந்து எடுத்தபோது தந்தையின் வலக்கை இல்லை. பின்னால் வந்தவர்கள் வானத்தை நோக்கி நீட்டிய கையை ஒட்டினார்கள். 1906இல் மடங்கிய கை ஒன்று கிடைத்தது. அரை நூற்றாண்டு கழித்து அதுதான் அசல் கை என்று சிலையில் பொருத்தினார்கள். ஆகவே பழைய புத்தகத்தில் நீட்டிய கை, புதிய புத்தகத்தில் மடங்கிய கை. இரண்டும் நல்ல புகைப்படங்கள். இரண்டையும் ஒரு மாணவரிடம் கொடுத்து எது சரி என்று கேட்டால், எதை வைத்து முடிவு செய்வார்? கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். விசாரித்ததை யாராவது எழுதி வைத்தால்தானே நமக்குக் கிடைக்கும்?

இனி நான் முதலில் சொன்ன விஷயம். பள்ளி முடித்த வயதில் ஒரு நூலகத்தில் தடித்த கலை வரலாற்று நூல் ஒன்றை எடுத்தேன். யாரோ பிளேடால் பல படங்களை அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். பக்கத்தின் நடுவே செவ்வகமாக ஓட்டை, அதன் வழியே அடுத்த பக்கத்தின் வரிகள் தெரிந்தன. அழுகையே வந்துவிட்டது. வேறு வழியில்லாமல், ஓர் ஓட்டையைச் சுற்றி மிஞ்சியிருந்த எழுத்தைப் படித்தேன். ஒரு வணிகர், அவர் அருகே ஒரு பெண். அவள் பச்சை நிற அங்கியின் துணியை வயிற்றருகே அள்ளிப் பிடித்திருப்பதால் பார்ப்பவர்கள் கர்ப்பிணி என்று நினைக்கிறார்கள், ஆனால் துணியை அப்படித் தூக்கிப் பிடிப்பது அந்தக் கால வழக்கம். பின்சுவரில் குவிந்த கண்ணாடி, அதன் சட்டத்தைச் சுற்றிப் பத்துச் சின்னஞ்சிறு காட்சிகள். கண்ணாடிக்குள் வாசலில் நிற்கும் இருவர். சர விளக்கில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது. காலடியில் நாய்க்குட்டி.

பல வருடம் கழித்து வேறொரு புத்தகத்தில் அந்தப் படம் வந்தது. லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கும், வான் எய்க் என்ற ஓவியர் தீட்டிய ஓவியம். பெயரைப் பார்க்கும் முன்பே அடையாளம் தெரிந்தது. என் கண் நேரே கண்ணாடிக்குப் போய் அந்த இருவரைத் தேடியது. பக்கத்தில் இருந்த நண்பர், "பாவம், நிறைமாதம் போல" என்றார். "இல்லை, துணியைப் பிடித்திருக்கிறாள்" என்றேன். அவர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, குனிந்து, விரலால் அந்த மடிப்பைத் தடவிப் பார்த்தார்.

எதிரணி நண்பர்கள் வீட்டுக்குப் போய் அதே படத்தை எடுத்து, கண்ணாடிக்குச் சற்று மேலே பாருங்கள். ஆடையின் ஓரத்து ரோமத்தை இழை இழையாகத் தீட்டிய அந்த ஓவியர், சுவரின் நடுவே அழகான கையெழுத்தில் லத்தீனில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "யோஹன்னஸ் வான் எய்க் இங்கே இருந்தார், 1434."

வணக்கம்.