அடுப்பை அணைத்த பிறகு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

உங்களுக்கு மோர்க்குழம்பு வைக்கத் தெரியுமா? தெரியும் என்றால், இன்று நான் சொல்லப் போவதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பாலும் சீஸும் சேர்த்து, காரமும் குழைவுமாக, கொரிய நூடுல்ஸை வீட்டில் செய்வது பற்றிப் பேச வந்திருக்கிறேன். மோர்க்குழம்பு எங்கே, கொரியா எங்கே என்று நினைக்காதீர்கள். மோரை ஊற்றிய பிறகு கொதிக்க விட்டால் என்ன ஆகும்? தண்ணீர் தனி, திப்பி தனி. அதனால்தான் ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிடுகிறோம். இங்கேயும் அதேதான். அடுப்பை அணைத்த பிறகுதான் பால் உள்ளே போக வேண்டும். இதை இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் என் பேத்தி ஆசையாகப் பாக்கெட் வாங்கி வந்து செய்தாள். நூடுல்ஸ் கொதிக்கும்போதே கிம்ச்சியை, அதாவது கொரியர்களின் புளித்த முட்டைக்கோஸ் ஊறுகாயைப் போட்டு, ஒரு டம்ளர் பாலையும் ஊற்றி, இன்னும் 5 நிமிடம் கொதிக்கவிட்டாள். கிண்ணத்தில் மேலே சிவப்பாக எண்ணெய் மிதந்தது, அடியில் பால் பொடிப்பொடியாகத் திரிந்து கிடந்தது. பிள்ளையின் முகம் வாடிப்போயிற்று. "பாலைத்தான் தினமும் காய்ச்சுகிறோமே பாட்டி, அது திரிவதில்லையே?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. தனிப் பால் கொதியைத் தாங்கும். புளித்த கிம்ச்சியோ தக்காளியோ கூடச் சேர்ந்து கொதித்தால் தாங்காது. பன்னீர் செய்ய எலுமிச்சம்பழம் பிழிகிறோமே, அதே வேலை நமக்கு வேண்டாத நேரத்தில் நடந்துவிடுகிறது.

சரி, பால் எதற்கு? காரத்தைக் குறைக்க என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மிளகாயின் எரிச்சலுக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். காரம் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் எரிச்சல் அடங்காது. ஒரு வாய் தயிர்சாதம் போட்டால் அடங்கும். பாலில் உள்ள புரதமும் அந்த எரிச்சலைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே பாலும் சீஸும் சேர்ந்த சாற்றில் காரம் ஊசியாகக் குத்தாது. மெதுவாகப் பரவும், மிளகாயின் மணமும் இனிப்பும் நாக்குக்குத் தெரியும்.

இதை நான் கற்றுக்கொண்டது பக்கத்து வீட்டில். 1998இல் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நிறுவனமான ஹூண்டாயின் கார்கள் தயாராகத் தொடங்கின. அதையொட்டிச் சென்னையில் கொரியக் குடும்பங்கள் குடியேறின. எங்கள் அடுக்ககத்தில், எதிர் வீட்டுக்கு ஒரு பெண் வந்தார். என்னை 'ஒன்னி' என்று கூப்பிடுவார். பெண்கள் தங்கள் அக்காவை அழைக்கும் சொல் அது. என் காதில் எப்போதும் 'அண்ணி' என்றே விழும். நானும் திருத்திக்கொள்ளவில்லை, இரண்டும் உறவுதானே.

அவர் வீட்டில் ஒரு மஞ்சள் நிற அலுமினியப் பாத்திரம் உண்டு. மெல்லிய தகடு, இரண்டு பக்கமும் சின்னக் காது. கொரியாவில் ராம்யோன் என்றாலே, அதாவது பாக்கெட் நூடுல்ஸ் என்றாலே, அந்தப் பாத்திரம்தான். தகடு மெலிதானதால் சட்டென்று கொதிக்கும். அவர் தண்ணீரை அளந்துதான் ஊற்றுவார். ஒரு பாக்கெட்டுக்கு 550 மில்லி, நாலரை நிமிடம். நூடுல்ஸ் வேகும்போதே குச்சிகளால் அள்ளி உயரத் தூக்குவார். ஆவி பறக்க இழைகள் காற்றில் தொங்கும், மறுபடி உள்ளே விடுவார். இப்படி நாலைந்து தடவை. ஏன் என்று கேட்டேன். காற்று பட்டால் இழை இறுகும் என்றார். 'கொடுல்கொடுல்' என்று இருக்க வேண்டுமாம். நமக்கு மொறுமொறு, கொழகொழ என்று இருப்பதுபோல அவர்களுக்கும் இரட்டைச் சொற்கள் ஏராளம். கடித்தால் மெல்லத் துள்ளுகிற பதத்துக்கு அந்தச் சொல். கொழகொழவென்று ஆகிவிட்டால் அவர்களுக்குப் பிடிக்காது. அதனாலேயே சுடச்சுட, பாத்திரத்து மூடியையே தட்டாகப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவார்.

கடைசியாக அவர் செய்ததுதான் எனக்குப் பாடம். அடுப்பை அணைத்தார். ஒரு சீஸ் துண்டை மேலே விரித்தார். மூடினார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் "கிளற வேண்டாமா?" என்றேன். "ஒன்னி, கொஞ்சம் பொறு" என்றார். மூடியைத் திறந்தபோது சீஸ் துண்டு ஓரங்களில் உருகி, நடுவில் மட்டும் சதுரமாக நின்றது. அப்புறம்தான் கிளறினார். சிவப்பு மெல்ல ஆரஞ்சு நிறமாயிற்று. ஒரு பொட்டுகூடத் திரியவில்லை.

கொரிய உணவில் சீஸ் எப்படி வந்தது என்று அப்புறம் தேடிப் படித்தேன். ஒரு வழி, கொரியப் போருக்குப் பின் அமெரிக்க ராணுவ முகாம்களிலிருந்து வெளியே வந்த டின் இறைச்சியும் சீஸும். ஊயிஜொங்பு ஊரின் பெயர் பெற்ற 'பூதே ஜிகே' குழம்பு அப்படிப் பிறந்தது. இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு பாதிரியார், கொரியப் பெயர் ஜி ஜொங் ஹ்வான். 1964இல் வடக்கு ஜொல்லா மாகாணத்தில் இம்சில் என்ற மலைப்பகுதிக்குப் போனார். அங்கே விவசாயிகளுக்கு நிலம் போதவில்லை, புல்வெளி இருந்தது. இரண்டு ஆடுகளோடு தொடங்கினார். பால் மிஞ்சியது, விலைபோகவில்லை. சீஸ் செய்யப் பார்த்தார், திரும்பத் திரும்பத் தோற்றார். ஐரோப்பாவுக்கே போய்க் கற்றுக்கொண்டு வந்தார். 1967இல் தொடங்கிய அந்த வேலையால் இன்று இம்சில் என்றாலே கொரியாவில் சீஸ்தான்.

வியப்பு என்னவென்றால், இம்சிலுக்கு அடுத்த வட்டாரம் சுன்சாங். கொச்சுஜாங் என்கிற மிளகாய் விழுதுக்குப் பேர்போன ஊர். மிளகாய்ப் பொடி, பசையரிசி, புளிக்கவைத்த சோயாப் பொடி, முளைகட்டிய பார்லி, உப்பு எல்லாம் கலந்து மண்ஜாடியில் மாதக்கணக்கில் வெயிலில் வைப்பார்கள். நம் வீட்டு மொட்டைமாடி ஊறுகாய் ஜாடி நினைவுக்கு வருகிறதா? 2024இல் இந்த விழுது வகைகள் செய்யும் கலையை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. காரத்துக்கு ஓர் ஊர், குழைவுக்கு ஓர் ஊர், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். இன்று இளைஞர்கள் 'ரோஸே' என்று சொல்லி விரும்பிச் சாப்பிடுவது இந்த விழுதும் கிரீமும் சேர்ந்ததைத்தான்.

சரி, செய்முறைக்கு வருகிறேன். எழுத வேண்டாம், கேட்டாலே போதும். ஒருவருக்கு ஒரு பாக்கெட். நூடுல்ஸைக் குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே எடுத்துவிடுங்கள். வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், அரை டம்ளர் எடுத்து வையுங்கள். அதில் மாவுச்சத்து இருக்கிறது, சாற்றை அதுதான் கெட்டியாக்கும். இன்னொரு வாணலியில் ஒரு ஸ்பூன் எண்ணெய், பொடியாக நறுக்கிய பூண்டு 4 பல், வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி. தீ சிறியதாக இருக்கட்டும். கொச்சுஜாங் ஒரு பெரிய ஸ்பூன். அதில் இனிப்பு உண்டு, தீ அதிகமானால் கருகிக் கசக்கும். பாக்கெட்டில் உள்ள மசாலாவில் பாதி போதும், விழுதிலேயே உப்பு இருக்கிறது. அரை நிமிடத்தில் எண்ணெய் சிவக்கும். எடுத்து வைத்த தண்ணீரில் பாதியை ஊற்றி, நூடுல்ஸைப் போட்டுப் புரட்டுங்கள்.

இப்போது அடுப்பை அணையுங்கள். வாணலியை இறக்கியே வையுங்கள். மனதுக்குள் 30 வரை எண்ணுங்கள். அப்புறம் கால் டம்ளர் பால், காய்ச்சி ஆறியது. ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்த பால் வேண்டாம், சாறு சில்லிட்டுச் சீஸ் உருகாது. மேலே ஒரு சீஸ் துண்டு, மூடி வையுங்கள். இதற்குக் கடையில் விற்கும் சதுரச் சீஸ்தான் நல்லது. பிரியாமல் உருகுவதற்கான உப்புகளை அதில் சேர்த்திருப்பார்கள். மொஸரெல்லா நூல் நூலாக இழுக்கும், சாற்றோடு கலக்காது. ஒரு நிமிடம் கழித்துக் கிளறுங்கள். கெட்டியாக இருந்தால் மீதித் தண்ணீர் இருக்கிறதே, அதை ஊற்றித் தளர்த்திக்கொள்ளலாம்.

கொச்சுஜாங் கிடைக்காதவர்கள் காஷ்மீர் மிளகாய்ப் பொடி ஒரு ஸ்பூன், சோயா சாஸ் ஒரு ஸ்பூன், துளி வெல்லம் கலந்துகொள்ளலாம். நிறம் வரும், காரம் வரும். அந்தப் புளித்த ஆழம் வராது. கிடைக்கிற ஊரில் இருப்பவர்கள் ஒரு சின்ன டப்பா வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள், மாதக்கணக்கில் கெடாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. முட்டையும், டோஃபு என்கிற சோயாப் பன்னீரும் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். சீஸுக்குப் பதில் முட்டை மஞ்சள்கரு போடுபவர்கள், தனிக் கிண்ணத்தில் அடித்து, சூடான நூடுல்ஸ் தண்ணீரை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டுக் கலந்த பிறகே ஊற்றுங்கள். நேராக ஊற்றினால் பொரியல் ஆகிவிடும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் மிருதுவான டோஃபுவை மிக்ஸியில் அரைத்து ஊற்றலாம். தேங்காய்ப்பாலும் நன்றாக இருக்கும், முதல் பாலை மட்டும் எடுங்கள். எதுவானாலும் அடுப்பை அணைத்த பிறகு.

என் பேத்தி இப்போது அப்படித்தான் செய்கிறாள், 30 வரை வாய்விட்டு எண்ணிக்கொண்டே.

நன்றி, வணக்கம்.