பிடித்த எழுத்தாளரின் பிடிக்காத நாவல்

நேயர்களுக்கு வணக்கம்.

ஓர் எழுத்தாளரின் மூன்று நாவல்களை விரும்பி வாசித்தவர் நாலாவதை வாங்குகிறார். எண்பதாம் பக்கத்தோடு மூடி வைக்கிறார். "ஆள் முடிஞ்சுது, இனி அவரிட்ட ஒண்டும் இல்லை" என்கிறார். திருகோணமலையில் வாசிகசாலையிலும் இந்தப் பேச்சு உண்டு, பின்னேரம் டச்பே கடற்கரையில் இருந்து கதைக்கிறவர்களிடமும் உண்டு. சென்னையில் அச்சான புத்தகத்தை இந்திய விலையின் சில மடங்கு கொடுத்து வாங்குகிறவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் தீர்ப்புச் சொல்ல முன்னர் அந்தப் புத்தகம் எந்த இடத்தில் கைவிட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

முதல் வேலை, தலைப்புப் பக்கத்தைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். முதற்பதிப்பு எந்த ஆண்டு? அட்டை இந்த வருடத்து அட்டையாக இருக்கும், உள்ளே இருப்பது எழுத்தாளர் எழுதப் பழகிய காலத்துக் கதையாக இருக்கும். ஒருவர் பெயர் எடுத்த பின்னர் அவருடைய ஆரம்பகால நாவல்களும் புது அட்டையோடு வருவது வழமை. நாம் அதை அவருடைய கடைசி நாவல் என்று நினைத்து, ஆள் இறங்கிவிட்டார் என்கிறோம். அவர் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தார். ஆகவே பின்பக்கம், மறக்க வேண்டாம்.

பின்பக்கத்திலோ முன்னுரையிலோ இன்னொன்றும் தேடுங்கள். இந்த நாவல் பத்திரிகையில் தொடராக வந்ததா? இதை நான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றங்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது. கல்கியின் பொன்னியின் செல்வன் 1950இலிருந்து 1954வரை வாராவாரம் வந்தது. அப்படி எழுதும்போது ஒவ்வொரு வாரமும் ஒரு முடிச்சில் நிறுத்த வேண்டும். அடுத்த வாரம் வாசகர் மறந்திருப்பார் என்று, நடந்ததை முதல் பந்தியிலேயே நினைவூட்ட வேண்டும். வாரம் ஒருமுறை வாசித்தவருக்கு அது உதவி. சனி, ஞாயிறு இரண்டு நாளில் முடிக்கிறவருக்கு அதே நினைவூட்டல் சலிப்பு. கல்கி வேகத்தாலும் பாத்திரங்களாலும் அதைக் கடந்துவிட்டார். எல்லாருக்கும் அது கைகூடாது. நடுவில் வந்த மாமா ஒருவர் திடீரென்று காணாமற் போவார், நானூறு பக்கம் ஆறுதலாகப் போன கதை கடைசி இருபது பக்கத்தில் ஓடி முடியும். புத்தகமாக்கும்போது திருத்தி எழுதாவிட்டால் இதெல்லாம் அப்படியே கிடக்கும். இப்படிப்பட்ட நாவலை ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயத்துக்கு மேல் வாசிக்காதீர்கள். ஐந்து நாள் அப்படி வாசித்தும் ஒட்டவில்லையென்றால் பிழை வேறு இடத்தில்.

அந்த இடத்தைப் பிடிக்கப் பென்சில் வேண்டும். வாசிக்கும்போது கண் புத்தகத்தை விட்டு எழும்புகிற இடத்திலெல்லாம் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். ஐம்பது பக்கம் போன பின்னர் புள்ளிகளை மட்டும் திருப்பிப் பாருங்கள்.

புள்ளிகள் உணர்ச்சியான காட்சிகளின் முடிவில் கூடியிருந்தால், எழுத்தாளர் விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டார். ஒரு காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். மகன் மூதூருக்குப் போன வள்ளம் இன்னும் வரவில்லை. "அம்மா முன்வாசல் லைட்டை அணைக்கவில்லை. சோற்றையும் மூடி வைத்தாள். ஒரு தாயின் நம்பிக்கை அவ்வளவு எளிதில் அணைவதில்லை." மூன்றாவது வசனத்தின்மேல் விரலை வைத்து மறைத்துவிட்டு மறுபடி வாசியுங்கள். காட்சி உயர்கிறது அல்லவா? உங்கள் கையிலுள்ள நாவலிலும் இப்படி விரலால் மறைக்க மறைக்க நன்றாகிறதென்றால் கதை நல்ல கதை. பழைய நாவல்களில் நம்மை நம்பியவர் இதில் நம்பவில்லை. அதுதான் வலிக்கிறது.

புள்ளிகள் தகவல் வருகிற இடங்களில் என்றால், சேகரித்தது செரிக்கவில்லை. திருகோணமலைக்குப் பக்கத்துக் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு என்று ஒரு பக்கம் எழுதலாம். ஒரு கிழவி வாளியை எடுத்துக்கொண்டு, சூடு குறைந்த கிணற்றைத் தேடி இரண்டைத் தாண்டிப் போகிறாள் என்றும் எழுதலாம். இரண்டாவதில்தான் நாம் இருக்கிறோம்.

பாத்திரங்களின் பேச்சில் புள்ளிகள் என்றால், முந்திய நாவலின் ஆளே வேறு பெயரில் வந்திருக்கிறாரா என்று பாருங்கள். இதில் வாசகருக்கும் பங்குண்டு. எழுத்தாளர் கோனன் டொயில் 1893இல் தன் துப்பறியும் நாயகன் ஷெர்லக் ஹோம்ஸைக் கதையில் சாகடித்தார். விட்டார்களா? 1903இல் உயிரோடு திருப்பிக் கொண்டுவரவேண்டி வந்தது. அதே ஆளை மறுபடியும் கேட்பவர்களும் நாங்கள், அதே ஆள் வந்தால் அலுப்பவர்களும் நாங்கள்.

இந்த ஊரில் நாவல் நேற்று வந்த பொருளல்ல. திருகோணமலை சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கி 1895இல் வெளிவந்தது. அந்த ஊர் வாசகர் "பிடிக்கவில்லை" என்ற ஒரு சொல்லோடு நிறுத்தக்கூடாது, எந்தப் பக்கம், ஏன் என்று சொல்ல வேண்டும்.

நேரம் முடிகிறது, இரண்டு விடயத்தை வேகமாகச் சொல்கிறேன். நீங்கள் விரும்பிய பழைய நாவலின் முதல் இருபது பக்கத்தை மறுபடி வாசியுங்கள். அதுவும் இப்போது சப்பென்று இருந்தால் மாறியது உங்கள் வாசிப்பு. மொழிபெயர்ப்பு நாவலென்றால் மொழிபெயர்த்தவர் பெயரைப் பாருங்கள். முந்தியது ஒருவர், இது இன்னொருவர் என்றால் இரண்டிலும் உரையாடல் வருகிற ஒரு பக்கத்தை எடுத்து, சத்தமாக வாசித்து ஒப்பிடுங்கள். வணக்கம்.