ஐந்து நிமிடம் தலையில் இருக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு தோல் மருத்துவர். தலையில் பொடுகு, அரிப்பு என்று என்னிடம் வருகிறவர்களில் பலர், என்ன தொந்தரவு என்று சொல்வதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். "டாக்டர், நான் தினமும் குளிக்கிறேன்." நான் கேட்டிருக்கவே மாட்டேன். அவர்களாகச் சொல்வார்கள். ஊரும் வீடும் அவர்களை எத்தனை முறை அந்தக் கேள்வி கேட்டிருந்தால் அப்படி ஒரு பதில் தானாக வரும் என்று நினைத்துப் பார்ப்பேன்.

போன மழைக்காலத்தில் ஒரு பெண் வந்தார். ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் வேலை. உள்ளே வந்ததும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். காலையில் தலைக்குக் குளித்து, ஈரம் காய்வதற்குள் பின்னி, கொண்டை போட்டு, அதற்கு மேல் வலையும் மாட்டிக்கொண்டு கடைக்குப் போகிறவர். இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்பித்தான் கொண்டையை அவிழ்ப்பார். "அவிழ்த்தா ஒரு சிக்கு நாத்தம் வருது டாக்டர், எனக்கே பிடிக்கலை" என்றார். கூட வேலை செய்யும் பெண் இப்போதெல்லாம் பக்கத்தில் நின்று துணி மடிப்பதில்லை என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் என்ன தப்பு செய்தார்? ஒன்றும் இல்லை. அவருடைய தலையில் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

நம் எல்லோருடைய தலைத்தோலிலும் ஒரு பூஞ்சை குடியிருக்கிறது. மலாசீசியா என்று பெயர். 1874ஆம் ஆண்டு பொடுகுச் செதில்களை நுண்ணோக்கியில் பார்த்து இதை விவரித்த மலாசே என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். இந்தப் பூஞ்சைக்குத் தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே தயாரிக்கத் தெரியாது. 2007இல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, கொழுப்பு அமிலம் செய்வதற்கான மரபணுவே அதனிடம் இல்லை என்று தெரிந்தது. அதனால் நம் தலைத்தோலில் ஊறும் எண்ணெய்ப் பசையைத்தான் தின்று வாழ்கிறது. தின்றபின் மிச்சம் விடும் கொழுப்பு அமிலங்களில் ஒலியிக் அமிலம் என்று ஒன்று. சிலருடைய தோல் அதைப் பொறுத்துக்கொள்ளும். சிலருடைய தோலுக்கு அது ஆகாது. சிவந்து, அரித்து, சுமார் ஒரு மாதத்தில் மெதுவாக மாற வேண்டிய தோல் அவசர அவசரமாக மாறி, முற்றாத செல்கள் கொத்துக் கொத்தாக உதிரும். அதுதான் பொடுகு. எங்கள் பாட்டி இதைச் சுண்டு என்பார்.

பருவ வயதில் எண்ணெய்ச் சுரப்பிகள் விழித்துக்கொள்வதால்தான் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது திடீரென்று தொடங்குகிறது. பரீட்சை, தூக்கமின்மை, கவலை எல்லாம் இதைக் கூட்டும்.

சரி, நாற்றம் எங்கிருந்து வருகிறது? எண்ணெய்ப் பசையோடு வியர்வையும் செதிலும் சேர்ந்து, காற்றுப் படாமல் ஈரத்திலேயே பல மணி நேரம் கிடந்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் அதில் பெருகும். ஈரக் கொண்டை அதற்கு வசதியான இடம். ஹெல்மெட்டும் அப்படித்தான். உணவு டெலிவரி செய்யும் பையன்கள் பகல் முழுக்க ஹெல்மெட்டோடு வெயிலில் அலைகிறார்கள். அதற்காக ஹெல்மெட்டைக் கழற்றிவிட வேண்டாம். உள்ளே ஒரு பருத்தித் துணி கட்டிக்கொண்டு, தினமும் அதைத் துவைத்துப் போட்டாலே வித்தியாசம் தெரியும். ஹெல்மெட்டின் உள் பஞ்சு கழற்றுகிற மாதிரி இருந்தால் அதையும் கழுவி வெயிலில் காய வையுங்கள்.

அந்தப் பெண் என்னிடம் வருவதற்கு முன் எல்லாம் செய்து பார்த்திருந்தார். எலுமிச்சைச் சாறு தேய்த்தார், நகம் பட்டுப் புண்ணான இடமெல்லாம் எரிந்தது. தயிர் தடவினார். பொடுகு வறட்சியால் வருகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தினமும் ராத்திரி நல்லெண்ணெயை ஊற வைத்துப் படுத்தார். எண்ணெய் வைத்தால் செதில் நனைந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் அரிப்பும் அடங்கும். பொடுகு போய்விட்டது என்றே தோன்றும். ஆனால் செதில் அங்கேயேதான் இருக்கிறது, மறுநாள் இரட்டிப்பாக உதிர்கிறது. அந்த எண்ணெயோடு தூசியும் வியர்வையும் சேர்ந்துதான் சிக்கு நாற்றம் இன்னும் கூடுகிறது.

எண்ணெய் என்று நான் சொன்னதும் பெரியவர்கள் சிலருக்கு வருத்தம் வரும். எங்கள் அம்மாவே என்னோடு இதில் சண்டை போட்டிருக்கிறார். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் இருந்த பழக்கம் எண்ணெய் தேய்த்து, ஊறியதும் சீயக்காய் போட்டு அரக்கித் தேய்த்துக் குளிப்பது. அப்புறம் சாம்பிராணிப் புகையில் முடியை உலர்த்துவது. வைத்த எண்ணெய் அன்றைக்கே இறங்கிவிடும், முடியும் நன்றாகக் காய்ந்துவிடும். இப்போது எண்ணெயை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டோம். பொடுகு இருக்கும்வரை தலையில் எண்ணெயைத் தங்க விடாதீர்கள். செதில் கெட்டியாகப் படிந்திருந்தால், குளிப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி மென்மையாக்கலாம். ஆனால் அன்றே அலசிவிட வேண்டும்.

இனி மருந்து. கடையில் பொடுகு ஷாம்பு வாங்கும்போது முன்பக்கத்து விளம்பரத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் படியுங்கள். கீட்டோகோனசோல் 2 சதவீதம், ஜிங்க் பைரிதியோன், செலீனியம் சல்ஃபைடு, இந்தப் பெயர்களில் ஒன்று இருக்க வேண்டும். நான் பெரும்பாலும் கீட்டோகோனசோலில் தொடங்குவேன். கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் குழந்தைகளுக்கு வாங்குகிறவர்களும் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இங்கேதான் அநேகம் பேருக்குத் தவறுகிறது. ஷாம்பு வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒரே கேள்வி: "தலையில் எவ்வளவு நேரம் வைத்திருந்தீர்கள்?" போட்டவுடன் கழுவிவிட்டேன் என்பார்கள். இது மருந்து. பூஞ்சையின் மேல் பட்டு நிற்க நேரம் வேண்டும். முடி நீளமாக இருந்தால் வகிடு வகிடாகப் பிரித்து, நுரை தோலில் படும்படி விரல் நுனியால் தடவுங்கள். நகம் வேண்டாம். அப்புறம் ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம். அந்த நேரத்தில் உடம்புக்குச் சோப்புப் போட்டு முடித்துவிடலாம். வாரம் இரண்டு முறை, இரண்டிலிருந்து நான்கு வாரம் வரை. அடங்கிய பிறகும் வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ தொடர வேண்டும். இந்தப் பூஞ்சை நம் தோலில் நிரந்தரமாக இருப்பது, முழுசாக விரட்ட முடியாது. அதனால் திரும்ப வந்தால் மருந்து தோற்றுவிட்டது என்று மனம் விட்டுவிடாதீர்கள்.

புருவத்திலும் மூக்கோரத்திலும் காதுக்குப் பின்னாலும் மஞ்சள் நிறத்தில் பிசுக்கான செதில் படிந்தால் அது இதே நோயின் தீவிர வடிவம். அதற்குக் களிம்பும் தேவைப்படலாம். ஆனால் மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு ஸ்டீராய்டு களிம்பு வாங்கி மாதக் கணக்கில் போடாதீர்கள். முகத்தோல் மெலிந்து சிவந்துபோய் வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

செதில் உதிர்வதெல்லாம் பொடுகும் இல்லை. வெள்ளி நிறத்தில் தடிப்பாக, நெற்றியின் முடிக் கோட்டைத் தாண்டி இறங்கி, முழங்கையிலும் முழங்காலிலும் இருந்தால் சோரியாசிஸ் என்ற வேறொரு தோல் நோயாக இருக்கலாம். பிடரியிலும் காதோரத்திலும் அரித்து, வெள்ளையாக ஒன்று முடியில் ஒட்டிக்கொண்டு தட்டினால் விழாமல் இருந்தால் அது பேனின் ஈர். சாயம் அடித்த ஓரிரு நாளில் அரித்து நீர் வடிந்தால் சாயம் ஒத்துக்கொள்ளவில்லை. அதை மறுபடி தொடவே வேண்டாம்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் நிதானமாகச் சொல்கிறேன், பெற்றோர்கள் கேளுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குத் தலையில் ஒரு வட்டத்தில் முடி ஒடிந்து, செதிலும் இருந்தால் பொடுகு என்று விட்டுவிடாதீர்கள். அது தலையில் வரும் படர்தாமரை. சீப்பு, தொப்பி, தலையணை வழியே மற்றப் பிள்ளைகளுக்கும் பரவும். ஷாம்பு மட்டும் போட்டால் போகாது, வாய்வழி மாத்திரை சில வாரங்கள் சாப்பிட்டாக வேண்டும். கவனிக்காமல் விட்டால் சீழ் வைத்து வீங்கி, அந்த இடத்தில் முடி திரும்ப முளைக்காமலே போகலாம். மொட்டை போட்டால் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். நோய் முடி வேருக்குள் இருக்கிறது.

அந்த ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு நான் கொடுத்தது ஒரு ஷாம்பு. கூடவே, தலைக்குக் குளிப்பதைக் காலையிலிருந்து மாற்றச் சொன்னேன். வேலை முடிந்து வந்ததும் குளித்து, மின்விசிறிக்குக் கீழே முடியை விரித்துக் காய வைத்துவிட்டுத் தூங்கச் சொன்னேன். "ராத்திரி தலைக்கு ஊத்தினா சளி பிடிக்கும்னு அம்மா திட்டுவாங்களே" என்றார். அம்மாவையும் அழைத்து வரச் சொல்லி, அவரிடமும் பேசினேன். ஒரு மாதம் கழித்து வந்தபோது நாற்காலியை இழுக்காமல் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

நீங்களும் மருத்துவரைப் பார்க்கப் போவதாக இருந்தால் இரண்டு விஷயம். பயன்படுத்திய ஷாம்பு, எண்ணெய், சாயப் பாக்கெட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அப்புறம், அன்றைக்கு எண்ணெய் வைக்காமல், உதிரும் செதிலைக் கழுவி மறைக்காமல் போங்கள். அதைப் பார்க்கத்தான் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம்.

வணக்கம்.